காருக்குப் பின்னால் பெட்டி கொழுவுதல்

நிலம் ஓரிடத்திலும் அடுப்பு வேறோரிடத்திலுமாக வாழும் குடும்பங்களுக்குப் போக்குவரத்துச் செலவைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருந்துகொண்டு, ஏழெட்டு மைல் தள்ளிக் குத்தகைக்கு எடுத்த துண்டில் வெங்காயமோ மிளகாயோ செய்பவர், விதை, பசளை, தண்ணீர், விறகு, விளைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் லான்ட்மாஸ்டருக்குக் கூலி கொடுக்கிறார். போகம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, பசளைக் கடைக்கு அடுத்தபடியாக அந்தக் கூலியே பெரிய தொகையாக நிற்கிறது.

இப்படியான சில வீடுகளில், படங்கு போட்டு மூடிய ஒரு பழைய கார் முற்றத்தில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். தகப்பனார் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரினாக இருக்கும், அல்லது ஒரு மொறிஸ் மைனராக இருக்கும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் இவை. விற்கவும் மனமில்லை, ஓடவும் வேலையில்லை. இந்தக் காருக்குப் பின்னால் ஒரு சிறு இழுவைப் பெட்டியைக் கொழுவினால் மூன்று மூடை நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் பலர். கொண்டுவரலாம். கொழுக்கியை வீட்டு முற்றத்திலேயே பூட்டவும் முடியும். எப்படிப் பூட்டுவது என்பதையே இப்பாடத்தில் பார்க்கிறோம்.

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2011இல், மீள்குடியேறிய கிராமமொன்றில் பணிசெய்தபோது, எமது பாவனையில் இருந்த ஒரு மொறிஸ் மைனருக்கு அவசர அவசரமாக ஒரு கொழுக்கி செய்வித்தோம். பம்பரைத் தாங்கும் இரும்புக்கு ஒரு கோண இரும்பை வெல்ட் பண்ணி, அதில் ஒரு ஓட்டை போட்டு, முளை ஒன்றைச் செருகினோம். பார்வைக்குப் பலமாகவே இருந்தது. இரண்டு மாதம் தண்ணீர்ப் பரல் ஏற்றி ஓடினோம். ஒருநாள் குளக்கட்டில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பம்பர் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டும் பரலோடு சேர்ந்து கட்டின் சரிவில் உருண்டு வாய்க்காலில் கிடந்தன. வழமையாகப் பெட்டியில் ஏறிப் பரலைப் பிடித்துக்கொண்டு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்று பள்ளிக்கூடத்தில் சோதனை எழுதிக்கொண்டிருந்தான். அதனால் தப்பினான். வெல்ட் பண்ணியவரைக் குறை சொல்ல இடமில்லை. பம்பரிலேயே பூட்டும்படி சொன்னவர்கள் நாங்கள். பிள்ளையைப் பெட்டியில் ஏறவிட்டவர்களும் நாங்கள்.

கொழுக்கி ஏன் கழன்றது?

பம்பர் இரும்பு பம்பரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பெட்டி ஒன்று பின்னால் வரும்போது, கார் புறப்படுகையில் அது பின்னுக்கு இழுக்கிறது. பிறேக் பிடிக்கையில் முன்னுக்குத் தள்ளுகிறது. கிடங்கில் விழுகையில் கீழே அமுக்குகிறது. எழும்புகையில் மேலே தூக்குகிறது. ஒரு மைல் கிறவல் ஒழுங்கையில் இது எத்தனை தரம் நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கம்பியை ஒரே இழுவையில் அறுக்க முடியாது. ஆனால் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சிறு பிள்ளையும் முறித்துவிடும். எமது வெல்ட் முறிந்ததும் அப்படித்தான். முறிந்த இடத்தைப் பார்த்தபோது பாதிப் பகுதி பழைய துருவாகவும் மீதிப் பாதி புது வெள்ளையாகவும் இருந்தது. அதாவது, பாதி எப்போதோ வெடித்துவிட்டது. நாம்தான் குனிந்து பார்க்கவில்லை.

ஆகவே கொழுக்கி எவ்வளவு மொத்தமான இரும்பு என்பதைவிட, அது காரின் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதே முதற் கேள்வி. இதற்குக் காரின் அடியை அறிய வேண்டும்.

சில கார்களுக்கு மாட்டு வண்டியின் சட்டம்போலத் தனியான அடிச்சட்டம் உண்டு. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். ஒஸ்ரின் ஏ40 வகையில் பழைய டெவன், சொமசெற் என்பன இப்படியானவை. கொழுக்கியின் சட்டத்தை நேரே அடிச்சட்டத்தின் இரு நீள் இரும்புகளிலும் பூட்டலாம். வேலை சுலபம். மொறிஸ் மைனர் காருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. தகடுகளை மடித்து ஒட்டி, உடலே சட்டமாக ஆக்கப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அவ்வாறே. இவற்றில் எந்த ஒரு தகட்டையும் தனியே நம்பக் கூடாது. டிக்கியின் தளம், பம்பர் இரும்பு வந்து பொருந்தும் மடிப்புப் பகுதி, பின் வில்லுத் தகடுகளைத் தாங்கும் பகுதி ஆகியவற்றுக்கு இழுவையைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மைனரின் பிக்அப், வான் வகைகளுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர் ஒன்றாயிருந்தாலும் பூட்டும் முறை வேறு.

எந்தக் காரானாலும், துருதான் எமது பிரதேசத்தின் முதல் எதிரி. கடலேரி ஓரத்தில் நின்ற கார்களையும், ஆண்டுக்கணக்கில் ஈர மண்ணில் நின்ற கார்களையும் பெயின்ற்றைப் பார்த்து மதிப்பிட முடியாது. அடியில் படுத்து, ஒரு திருகாணிச் செலுத்தியால் (ஸ்குறூ டிறைவர்) கொழுக்கி வரப்போகும் இடமெல்லாம் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டக் டக்கென்று ஒலிக்கும். கெட்ட தகடு பொத்தென்று ஒலிக்கும், அல்லது முனை உள்ளே போய்விடும். உள்ளே போனால் அன்றைக்குக் கொழுக்கி வேலையை நிறுத்துங்கள். முதலில் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவிக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டுக்கு மேல் எவ்வளவு மொத்தமான இரும்பைப் பூட்டினாலும், இரும்பு நிற்கும், தகடு கிழியும்.

காருக்கு அடியில் போவது பற்றியும் ஒரு வார்த்தை. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். கொங்கிறீற் கல்லையும் நம்பாதீர்கள். அது எச்சரிக்கை இல்லாமல் உடைந்து நொருங்கும். நன்றாக வெட்டிய பனங்குற்றி இரண்டை இருபுறமும் வைத்து, முன் சில்லுகளுக்கு அணை கொடுத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

எவ்வளவு பாரம்?

இதில் ஆசைப்படக் கூடாது. மைனரின் நிறை ஏறத்தாழ 750 கிலோ. பிறேக் இல்லாத பெட்டியை இழுப்பதற்குப் பிரித்தானியாவில் வைத்திருக்கும் உச்ச அளவு, இழுக்கும் காரின் நிறையில் பாதி. அந்தக் கணக்கில் பெட்டியும் சுமையும் சேர்ந்து 375 கிலோ வரை போகலாம். ஆனால் எமது கார்களுக்கு அறுபது, எழுபது வயது. நாலு சில்லிலும் பழைய டிறம் பிறேக். ஆகவே 300 கிலோவுடன் நிறுத்துங்கள் என்பதே எமது ஆலோசனை. வெறும் பெட்டி 100 கிலோ என்றால் சுமைக்கு 200 கிலோ மிஞ்சும். அறுபது கிலோவுக்குச் சற்று மேல் வரும் நெல் மூடையில் அது மூன்று மூடை. நாலாவது மூடையை அடுத்த பயணத்துக்கு விடுங்கள்.

தண்ணீர் ஏற்றுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லீற்றர்ப் பரல் நிறைந்தால் அதுவே முழுச் சுமையும் ஆகிவிடும். அரைவாசி நிரப்பிய பரலில் பாரம் குறைவென்று எண்ண வேண்டாம். தண்ணீர் உள்ளே அலைந்து, பிறேக் பிடிக்கும்போது முன்னுக்கு ஓடி, வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து பெட்டியை ஆட்டும். 20 லீற்றர்க் கான்களில் நிரப்பி மூடி ஏற்றுவது நல்லது.

லான்ட்மாஸ்டரின் பெட்டியையே காருக்குப் பின்னால் கொழுவலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது மெல்லப் போவதற்கென்று செய்த பாரமான பெட்டி. காரின் வேகத்துக்கும் காரின் பிறேக்குக்கும் அது ஒத்துவராது.

வேலையைத் தொடங்குதல்

கொழுக்கியின் சட்டத்தை முதலில் மட்டையில் வெட்டிப் பாருங்கள். பழைய பெட்டி மட்டை போதும். காரின் அடியில் பிடித்து, எங்கே இடிக்கிறது, எங்கே பொருந்துகிறது என்று பார்த்து அளவு எடுத்தபின் இரும்புக்குப் போங்கள். குறுக்குச் சட்டத்துக்கு 50 மில்லிமீற்றர் சதுரக் குழாய், 5 மில்லிமீற்றர் மொத்தம். தகடுகளுக்கு 6 மில்லிமீற்றர். குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலிருந்தும் முன்னோக்கி இரண்டு கைகள் போய், வில்லுத் தகட்டைத் தாங்கும் பகுதிக்கு அருகில் பலமான இடத்தில் பூட்டப்பட வேண்டும். நடுவிலிருந்து ஒரு கை டிக்கியின் தளத்துக்கு ஏற வேண்டும். முக்காலி மூன்று காலில் நிற்பதுபோல, இழுவை மூன்று இடத்துக்குப் பிரியும். இந்தச் சட்டத்தைத் தனியாக வெளியில் வைத்து, நல்ல வெல்டரிடம் கொடுத்து ஒட்டுவிக்கலாம். காரோடு சேர்த்து எதையும் வெல்ட் பண்ணாதீர்கள். போல்ற்றால் மட்டும் பூட்டுங்கள். போல்ற் தளர்ந்தால் தெரியும், இறுக்கலாம். தகட்டோடு ஒட்டிய வெல்ட் வெடித்தால், எமக்குத் தெரிந்ததுபோல், குளக்கட்டில்தான் தெரியும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். மைனர் காரின் பெற்றோல் தாங்கி டிக்கித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேலிருந்து துளைக்கும் ட்றில் தாங்கியைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றி வளவின் மறு மூலையில் வையுங்கள். வெறும் தாங்கி என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறுந்தாங்கிதான் வெடிக்கும். தாங்கியைக் கழற்ற ஒரு மணித்தியாலம் பிடிக்கும். சிலர் அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். வேறு காராக இருந்தால், துளைக்க முன் கீழே படுத்து, பெற்றோல் குழாயும் பிறேக் குழாயும் வயர்களும் எங்கே போகின்றன என்று சோக்கட்டியால் கீறி வையுங்கள்.

துளை 13 மில்லிமீற்றர். போல்ற் 12 மில்லிமீற்றர். நேரே பெரிய துளை போடாமல் 4, 8, 13 என்று மூன்று படியாகப் போங்கள். துளை நேராக வரும், ட்றில் முனையும் உடையாது. துளைத்தவுடன் வெட்டு விளிம்பில் துருத்தடுப்புப் பெயின்ற் பூசுங்கள். பூசாத துளை ஒரு மாரியிலேயே பழுக்கத் தொடங்கும்.

போல்ற் வாங்கும்போது தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். ஒன்றும் பொறிக்காத போல்ற்றைக் கதவுக்கும் கூரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நட் அதிர்ந்து கழலாதபடி நைலோன் வளையம் உள்ள நட் வாங்குவது நல்லது. ஒருமுறை கழற்றினால் அதைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

தகட்டின் இரு பக்கமும் இரும்புத் தகடு வைக்க வேண்டும். வெறும் வொசர் போதாது. சேற்று நிலத்தில் கதிரையில் இருந்தால் கதிரைக்கால் புதைகிறது. காலுக்குக் கீழ் ஒரு பலகை வைத்தால் புதையாது. டிக்கித் தளம் சேறு, வொசர் கதிரைக்கால், தகடு பலகை. உள்ளங்கை அளவான 6 மில்லிமீற்றர்த் தகட்டை டிக்கியின் உள்ளேயும் கீழேயும் வைத்துப் பூட்டினால், இழுவை ஒரு துளையில் விழாமல் பரவும். தகடு மடிந்து பெட்டிபோல் உள்ளே வெறுமையாக இருக்கும் இடத்தில், போல்ற்றை இறுக்க இறுக்க அது சப்பளிந்துவிடும். அங்கே உள் இடைவெளியின் அளவுக்கு வெட்டிய ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நுழைத்து, அதனூடாகப் போல்ற்றை விடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? கராஜில் இதற்கு அளவுகாட்டும் ஸ்பனர் இருக்கும். வீட்டில் இருக்காது. ஆனால் வெங்காயம் நிறுக்கும் கொளுவுத் தராசு இருக்கும். 12 மில்லிமீற்றர் 8.8 போல்ற்றுக்கு ஏறத்தாழ 80 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். அதாவது, 30 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 27 கிலோ பலத்துடன் இழுப்பது. போல்ற்றின் நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றரை அளந்து, அந்த இடத்தில் தராசைக் கொளுவி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுங்கள். முள் 27இல் வந்தால் போதும். பலசாலிப் பையன்கள் குழாய் போட்டு நீட்டி இழுத்துப் போல்ற்றை அறுத்துவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். முதலில் எல்லா நட்டையும் கையால் பூட்டி, சட்டம் நேராக இருப்பதைப் பார்த்தபின், மாறி மாறி இறுக்குங்கள். முதற் சுமை ஏற்றி வந்த அன்று பின்னேரமே திரும்ப இறுக்குங்கள். பெயின்ற் நசிந்து, தகடு படிந்து, நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

உருண்டையும் கிண்ணமும்

உழவு இயந்திரத்துக்கு முளையும் வளையமும் பழக்கம். வளையம் முளையில் தளர்வாக ஆடும். மெல்லப் போகும் வாகனத்துக்கு அது காணும். காரின் வேகத்தில் அந்த ஆட்டம் ஒவ்வொன்றும் சுத்தியல் அடியாக மாறும். எனவே காருக்கு உருண்டைக் கொழுக்கிதான் ஏற்றது. காரில் இரும்பு உருண்டை. பெட்டியின் மூக்கில் அதைக் கவ்வும் கிண்ணமும் பூட்டும்.

உருண்டையில் மூன்று அளவு சந்தையில் கலந்து கிடக்கிறது. ஐரோப்பிய அளவு 50 மில்லிமீற்றர். அமெரிக்க அளவுகள் இரண்டு அங்குலமும், ஒன்றேமுக்கால் அங்குலத்துடன் அரைக்கால் அங்குலம் சேர்ந்த சிறிய உருண்டையும். சிறியது 47.6 மில்லிமீற்றர் வரும். இரண்டு அங்குலக் கிண்ணத்தைச் சிறிய உருண்டையில் வைத்தால் அழகாக உட்காரும், பூட்டும் விழும், முதற் கிடங்கில் துள்ளிக் கழன்றுவிடும். உருண்டையிலும் கிண்ணத்திலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தாலன்றிக் கொழுவாதீர்கள். பூட்டியபின், பெட்டியின் மூக்கைக் கையால் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழும்ப வேண்டும். பெட்டி மட்டும் எழும்பினால் பூட்டு விழவில்லை.

உருண்டையின் நடு, சுமை ஏற்றிய நிலையில், நிலத்திலிருந்து 350 முதல் 420 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பது வழக்கமான அளவு. அதைவிட முக்கியம், கொழுவிய பெட்டி நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்பது. மூக்கு மேலே பார்த்து நின்றால் சுமை பின்னுக்குச் சரியும்.

சங்கிலியை மறந்துவிடாதீர்கள். எமது பெட்டிக்கு ஒரு சங்கிலி இருந்திருந்தால் அது வாய்க்காலுக்குப் போயிராது. 8 மில்லிமீற்றர் வளையமுள்ள இரண்டு சங்கிலிகள், பெட்டியின் மூக்கிலிருந்து குறுக்கும் மறுக்குமாக, கீழே எக்ஸ் எழுத்துப்போல் போய் கொழுக்கிச் சட்டத்தின் இரு பக்கத்திலும் பூட்டப்பட வேண்டும். உருண்டையில் சுற்றாதீர்கள்; உருண்டை கழன்றால் சங்கிலியும் கழன்றுவிடும். குறுக்காகப் போடுவதன் பயன், பூட்டுக் கழன்றால் மூக்கு நிலத்தில் குத்தாமல், தொட்டிலில் விழுவதுபோல் சங்கிலியில் விழும். வளைவில் திரும்ப இடம் இருக்க வேண்டும். நிலத்தில் உரசவும் கூடாது.

முன்பாரமும் பின்பாரமும்

இந்தப் பகுதியை வண்டில் ஓட்டிய முதியவர்கள் எமக்குப் படிப்பிக்க வேண்டும். மாட்டு வண்டிலில் பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்து நோகப் படுத்துவிடும். ஒரு மூடையை முன்னுக்கு இழுத்து, ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி, நுகம் கழுத்தில் மெல்ல அமரும்வரை சரிபார்ப்பார்கள். கார்ப் பெட்டிக்கும் அதே கணக்கு. மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்களவு மூக்கில் அமர வேண்டும். 300 கிலோவுக்கு 30 கிலோ. பெட்டியின் மூக்கை உருண்டையின் உயரத்துக்குத் தூக்கி, கொளுவுத் தராசில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். தராசு இல்லாவிட்டால், அரை மூடை சீமெந்தைத் தூக்குவதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கை உணர வேண்டும்.

மாடு பின்பாரத்தைத் தாங்காமல் நின்றுவிடும். கார் நிற்காது. பின்பாரம் ஏற்றிய பெட்டி வேகம் கூடும்போது வால்போல் ஆடத் தொடங்கும். முதலில் மெல்ல, பிறகு காரின் பின்புறத்தையே இடமும் வலமும் இழுத்து எறியும். அப்படி ஆடத் தொடங்கினால் பிறேக்கை அமுக்காதீர்கள், ஸ்ரியறிங்கை வெட்டாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, தானாகவே வேகம் குறைய விடுங்கள். நின்றதும் சுமையை முன்னுக்கு மாற்றுங்கள்.

வெளிச்சம்

பெட்டி காரின் பின் விளக்குகளை மறைக்கும். ஆகவே பெட்டிக்கும் சிவப்பு விளக்கு, பிறேக் விளக்கு, சிக்னல் விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான் எல்லாம் வேண்டும். ஐந்து வயர் போகும்: பின் விளக்கு, பிறேக், இடம், வலம், நிலத்தொடுப்பு. நிலத்தொடுப்புக்கு உருண்டையை நம்பாதீர்கள். அதில் கிறீஸ் பூசியிருக்கும். விளக்கு எரிந்து எரிந்து அணையும்.

பழைய மொறிஸிலும் ஒஸ்ரினிலும் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இக்கால வாகனங்களில் பற்றரியின் எதிர்முனை உடலோடு தொடுக்கப்படுகிறது. அந்தப் பழைய கார்களில் நேர்முனைதான் உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சில கார்களை மாற்றியும் இருக்கிறார்கள். சாதாரண இழைக் குமிழுக்கு இது பொருட்டல்ல, எப்படித் தொடுத்தாலும் எரியும். ஆனால் இப்போது கடையில் வாங்கும் எல்ஈடி விளக்கு முனை மாறினால் எரியாது, சிலவேளை பழுதாகிவிடும். பற்றரியின் எந்த முனையிலிருந்து வரும் வயர் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நேர்முனை என்றால் பெட்டிக்கு இழைக் குமிழையே போடுங்கள். சிக்னலில் குமிழ் கூடுவதால் மின்னும் வேகம் மாறலாம். பெரிய சுமை தாங்கும் பிளாஷர் ஒன்றை மாற்றினால் சரி.

தெருவுக்குப் போகுமுன்

இழுவைப் பெட்டியும் சட்டத்தின்படி பதிவுசெய்ய வேண்டிய ஒரு வாகனமே. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். காப்புறுதிக்காரருக்கும் கொழுக்கி பூட்டியதைச் சொல்லி வையுங்கள். இடம்பெயர்ந்தபோது காரின் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் முதலில் அவற்றின் பிரதிகளை எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாத காருக்கு மூவாயிரம் ரூபாய் இரும்பு வாங்கினாலும் முப்பதாயிரம் ரூபாய் இரும்பு வாங்கினாலும் அது வளவுக்குள்தான் ஓடும்.

முதல் நாள் வெறும் பெட்டியுடன் ஒரு வெறுங்காணியில் பழகுங்கள். முன்னுக்குப் போவது எல்லோருக்கும் வரும். பின்னுக்கு எடுக்கும்போது பெட்டி எதிர்ப்பக்கம் திரும்பும். ஸ்ரியறிங்கின் கீழ்ப்பகுதியில் ஒரு கையை வைத்து, பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், குழப்பம் குறையும். பெட்டி மடங்கிக் காரை முட்டப் பார்த்தால் நிறுத்தி, கொஞ்சம் முன்னுக்குப் போய், திரும்பத் தொடங்குங்கள். பின்னர் பாதிச் சுமை, அதன்பின் முழுச் சுமை. சுமையோடு மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். மைனருக்குப் பின்னால் 300 கிலோ வந்தால், பிறேக் தாங்க வேண்டிய பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. முன்னால் போகும் வாகனத்துக்கு இருமடங்கு இடைவெளி விடுங்கள். பின் ஆசனத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பெட்டியையும் இழுத்தால் பின் வில்லுகள் படிந்து, முன் சில்லு இலேசாகி, ஸ்ரியறிங் பிடி தளரும்.

பெட்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது. அறுவடைக் காலத்தில், வேலையாட்களை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். காருக்குள் ஏறக்கூடியவர்கள் காருக்குள் ஏறட்டும், மற்றவர்கள் சைக்கிளில் வரட்டும். பிள்ளைகள் கெஞ்சுவார்கள். பரல் சரியாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பிள்ளையைப் பிடிக்க விடாதீர்கள்.

எமது மைனருக்குப் பின்னர் மூன்று இடத்தில் பூட்டிய புதுச் சட்டம் செய்தோம். டிக்கியைத் திறந்தால் நாலு போல்ற் தலையும், அவற்றைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெயின்ற் கோடும் தெரியும். கோடு போல்ற்றிலும் தகட்டிலும் சேர்த்து இழுத்தது. போல்ற் இம்மி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிவிடும். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, தன் தகப்பனின் காணியை மீண்டும் செய்கிறான். சுமை ஏற்றுமுன் டிக்கியைத் திறந்து கோட்டைப் பார்ப்பது அவன் வேலை.